பூந்தொட்டி நின்ற இடம்

வேலையிலிருந்து நிறுத்தியதைக்கூட அவள் மன்னித்திருப்பாள். பூந்தொட்டியைத்தான் மன்னிக்க முடியவில்லை.

பதினோரு வருஷம் அந்த ஸ்டூடியோவில் படங்களைத் திருத்தியவள். மணப்பெண்ணின் முகப்பரு, மாமனார் கண்ணாடியில் விழுந்த ஃப்ளாஷ், கல்யாணத்துக்கே வராத சித்தப்பாவுக்கு வரிசையில் ஓர் இடம், எல்லாம் அவள் கைவேலை. ஏஐ மென்பொருள் வந்ததும், இனி மெஷினே பார்த்துக்கொள்ளும் என்று முதலாளி ஒரே வாரத்தில் அவளை அனுப்பிவிட்டார். அனுப்பிய கையோடு, கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த ஊழியர் படத்திலிருந்தும் அவளை அதே மெஷினை வைத்து அழித்தார். அவள் நின்ற இடத்தில் ஒரு பூந்தொட்டி முளைத்தது.

விட்டுத் தொலையேன் என்றான் கணவன். அவள் விடவில்லை. சொந்தமாகத் தொழில் பார்க்க எதிர்ச்சாரியில் மாடி அறை ஒன்றைப் பிடித்தாள். காற்று வராது, தண்ணீர் வராது. ஆனால் ஜன்னலிலிருந்து பூந்தொட்டி நன்றாகத் தெரியும். வயிற்றெரிச்சலுக்கு அதைவிடத் தோதான அறை கிடைக்காது.

நாலு மாதம் அதே மென்பொருளோடு மல்லுக்கட்டினாள். 'அழகாக்கு' என்று எழுதினால் அது யாரோ ஒரு விளம்பர மாடலைக் கொண்டுவந்து நிறுத்தும். வெளிச்சம் இடப்பக்க ஜன்னலிலிருந்து வருகிறது, சட்டை கசங்கிய பருத்தி, பின்னால் நிற்பவரின் நிழல் தோளில் விழுகிறது என்று எழுதினால் சொன்ன பேச்சு கேட்கும். மாற்ற வேண்டிய இடத்தை மட்டும் நகத்தளவு குறிக்க வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம். முகம் வேண்டுமென்றால் அந்த ஆளின் நிஜப் படங்கள் நாலைந்தைக் கூடவே கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அதுவே ஓர் ஆளைப் பெற்றுப் போட்டுவிடும்.

முதலாளிக்கு அந்தப் பொறுமை ஏது? படம் முழுவதையும் வளைத்துக் குறிப்பார், ஒரு வார்த்தை அடிப்பார், பொத்தானை அமுக்குவார். அப்படித்தான் ஒரு கல்யாண ஆல்பத்தில், இறந்துபோன தகப்பனை மகள் பக்கத்தில் சேர்த்துக் கொடுத்தார். பெண்ணின் அம்மா படத்தைப் பார்த்துவிட்டு, யார் இந்த ஆள், என் மகள் தோளில் எதற்குக் கை போட்டிருக்கிறான் என்று கேட்டது தெருக்கோடிவரை கேட்டது.

மறுநாள் காலை முதலாளி மாடிப்படி ஏறி வந்தார். பதினோரு வருஷம் 'ஏய்' என்று கூப்பிட்ட வாயில் தேன் ஒழுகியது.

“தங்கச்சி, அந்தம்மா கோர்ட்டுக்குப் போறேங்குது. நீதான் சரி பண்ணித் தரணும்.”

“பண்றேண்ணே. முதல்ல அந்தப் பூந்தொட்டிய எடுத்துட்டு என்னை நிறுத்துங்க. இங்கயே உக்காந்து, உங்க கையால.”

பழைய படம் அவரிடம் இல்லை. அழித்ததை அதன் மேலேயே சேமித்திருந்தார். இந்தத் தொழிலில் கத்துக்குட்டிகூடச் செய்யாத காரியம். உன் போட்டோ ஒன்று கொடு என்றார். அவள் கொடுக்கவில்லை. செல்போனைத் தூக்கினார். கீழே வைக்கச் சொன்னாள்.

“போட்டோ எதுக்கு? நான்தான் எதிர்லயே உக்காந்திருக்கேனே. பாத்து எழுதுங்க.”

'சிரித்த முகமுள்ள ஒரு பெண்' என்று எழுதினார். பற்பசை விளம்பரத்துப் பெண் வந்தாள். 'நாற்பது வயது' என்று சேர்த்தார். அவருடைய கொழுந்தியாள் ஜாடையில் ஒருத்தி வந்தாள். நெற்றி அகலமா குறுகலா, எந்தப் புருவம் ஏறியிருக்கிறது என்று அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவர் பார்ப்பார், உடனே பார்வையைத் தாழ்த்திக்கொள்வார். மதியத்துக்குள் பதினேழு பெண்கள் வந்து நின்றார்கள்.

“ஒண்ணுகூட நீ இல்லம்மா.”

“அந்தம்மாவுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.”

அதற்குமேல் அவள் பேரம் பேசவில்லை. தீர்த்துச் சொன்னாள். அந்த அம்மாவின் வீட்டுக்கு அவரே போய், தன்னால் முடியவில்லை என்று ஒத்துக்கொண்டு, மாடி அறைக்கு அனுப்பிவைக்க வேண்டும். பூந்தொட்டி இருந்த இடத்தில் பதினேழாவது பெண் நிற்கும் படத்தைக் கடைக் கண்ணாடியில் ஒட்ட வேண்டும். அச்செடுத்துச் சுருட்டி அவளே கையில் கொடுத்தாள்.

அந்த அம்மா கணவரின் படங்கள் ஆறைக் கொண்டுவந்தார். இரண்டு நாளில் தகப்பன் மகள் பக்கத்தில் வந்து நின்றார், அவராகவே.

ஸ்டூடியோவுக்குள் நுழைகிறவர்கள் இப்போது கண்ணாடி முன் நின்று, இந்தப் பொண்ணு யாரு என்று முதலாளியைக் கேட்கிறார்கள். அவர் என்ன பதில் சொல்கிறார் என்பது மாடிக்குக் கேட்பதில்லை. அவர் முகம் தெரிகிறது. வேலைக்கு நடுவே அவள் அதைப் பார்த்துக்கொள்கிறாள்.