ஸ்டெல்லா அக்காவின் காலாவதியான டோக்கன்

ஸ்டெல்லா அக்கா நேற்று சாயங்காலம் இறந்துவிட்டார். காலையில் ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் பார்த்தேன்... மூன்று முறை படித்தும் மண்டையில் ஏறவில்லை.

தெரியாதவர்களுக்கு: கல்வராயன் மலையில் கர்ப்பிணிகள் இருக்கிற வீடுகளுக்கு நடந்தே போய், பிரசவத் தேதியெல்லாம் போனில் பதிவு செய்வது அக்காவின் வேலை. அந்தப் பதிவுகளை வாங்கிச் சேர்த்துவைக்கும் சர்வர் நிரலை, அதாவது ஏபிஐ-யை, கள்ளக்குறிச்சியில் உட்கார்ந்து பைத்தானில் எழுதியவன் நான். தேதி நெருங்கியவர்களுக்கு எங்கள் தொண்டு நிறுவனம் முன்கூட்டியே வண்டி அனுப்பும்.

ஒன்பது மணிக்கு சர்வரைத் திறந்தால்... ஸ்டெல்லா அக்கா பெயர்! இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை உள்ளே வரப் பார்க்கிறார். சர்வர் 'அனுமதி இல்லை' என்று திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கிறது.

செய்திதான் தப்போ? ஒரு நிமிடம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஆரம்பத்தில் எங்களிடம் எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்ட்தான். யாரோ தப்பான தேதி போட்டுவிட, யார் என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. அதனால் டோக்கன் கொண்டுவந்தேன். ஒருமுறை லாகின் செய்தால் சர்வர் ஒரு டோக்கன் தரும். அப்புறம் ஒவ்வொரு பதிவோடும் போன் அதைக் காட்ட வேண்டும். மூன்று நாளில் காலாவதி.

பஸ் பாஸ் மாதிரி அக்கா, என்று விளக்கினேன்.

"பஸ் பாஸே ஒரு மாசம் வருது தம்பி. உன்னுது இன்னாத்துக்கு மூணு நாள்ல பூடுது? நாங்க மேல ஏறினா எறங்கவே நாலு நாள் ஆவும்."

"போன் தொலஞ்சா எவனாவது உள்ள பூந்துடுவான்க்கா."

"பூந்து இன்னா பண்ணுவான்? புள்ளத்தாச்சிக்கு ஊசியா போடப்போறான்?"

மீட்டிங்கில் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம். "பாக்கலாம்க்கா" என்றேன். பார்க்கவே இல்லை.

இன்னொன்று... மேலே பல ஊர்களில் சிக்னல் கிடையாது. அதனால் யார் கீழே இறங்கினாலும் எல்லாருடைய போனையும் ஒரு துணிப்பையில் போட்டு எடுத்து வந்து, சிக்னல் கிடைத்ததும் ஒவ்வொன்றாக அனுப்பிவிடுவார்கள். அதற்குள் டோக்கன் காலாவதியாகியிருக்கும், மறுபடி லாகின் செய்ய வேண்டும். அடுத்தவர் பாஸ்வேர்ட் எப்படித் தெரியும்?

ஒரு நாள் அந்தப் பையைப் பிரித்துப் பார்த்தேன். ஒவ்வொரு போனின் முதுகிலும் பிளாஸ்திரி... அதில் பேனாவால் பாஸ்வேர்ட்! யாருடைய ஐடியா என்று சொல்லவே வேண்டாம்.

எல்லார் முன்னாலும் கத்தினேன். அடுத்த தடவை பிளாஸ்திரி இல்லை.

சரி, காலைக்கு வருகிறேன். அக்கா நம்பருக்கே போன் போட்டேன். அவர் வீட்டுக்காரர் எடுத்தார்.

"சொந்தக்காரங்க நம்பர் பாக்கலாம்னு இப்பத்தான் ஆன் பண்ணேங்க. அஞ்சு நாளா ஆஸ்பத்திரில ஆஃப்லயே கெடந்துது. உங்க ஆப் சுத்திக்கினே இருக்குதுங்க."

காய்ச்சலோடு அக்கா மலையில் பதிவு செய்தவை போனுக்குள்ளேயே நின்றுவிட்டன. அனுப்புவதற்குள் படுத்துவிட்டார். டோக்கனும் காலாவதி.

"பாஸ்வேர்ட் தெரியுமாண்ணே?"

"முன்னெல்லாம் போனுக்குப் பின்னாடி ஒட்டியிருந்தா. நீங்க கோவப்பட்டீங்கன்னு அவளே கிழிச்சிப் போட்டுட்டா."

போனை அணைக்காமல் வைத்திருக்கச் சொன்னேன்.

நானே புது பாஸ்வேர்ட் போட்டுக் கொடுக்கலாம். ஆனால் இறந்தவர் பெயரில் இன்னொருவர் லாகின் செய்வதா? விட்டுவிட்டால், அந்த போனுக்குள் இருக்கிற பெண்கள் யார், யாருக்கு எப்போது தேதி... ஒன்றும் தெரியாது. எது சரி? இப்போதும் குழப்பமாகத்தான் இருக்கிறது.

கடைசியில், காலாவதி பார்க்கிற அந்த ஒரு வரியை அக்காவின் டோக்கனுக்கு மட்டும் நிறுத்தி வைத்தேன். அது அவர் கையால் வாங்கிய டோக்கன்தானே.

ஆறு பதிவுகள் வந்து விழுந்தன. ஆறாவது பெண்ணுக்கு நாளைக்குத் தேதி. முதல் பிரசவம். குறிப்பு என்ற இடத்தில் அக்கா தட்டியிருந்தார்: "ரொம்ப பயப்படுது. வண்டில யாராவது பேசிக்கினே கூட்டியாங்க."

வண்டி கிளம்பிவிட்டது. கூட ஒரு நர்ஸ் போயிருக்கிறார். நன்றாகப் பேசுவார்.

அக்காவின் கணக்கை உடனே மூடச் சொல்லி ஆபீஸிலிருந்து மெயில் வந்திருக்கிறது. முறைப்படி சரிதான். முதலில் அந்தப் பெண் கீழே வந்து சேரட்டும்...

அப்படிக் கத்தியிருக்கக் கூடாது அக்கா. சாயங்காலம் மண் போட வருகிறேன்.