ராஜபார்ட்டுக்கு மறுவீட்டு விருந்து

1. ஊர் பார்க்கும் வேலை

நாடகக் கம்பெனியில் எனக்கு வேஷம் கிடையாது. கம்பெனி ஓர் ஊருக்குப் போகுமுன் நான் அங்கே போய்க் கொட்டகைக்கு இடம் பிடிக்க வேண்டும், தங்க வீடு பார்க்க வேண்டும், நோட்டீஸ் ஒட்ட வேண்டும், நல்ல சாப்பாட்டுக் கடையைக் கண்டுபிடிக்க வேண்டும். மற்றதில் கோளாறு வந்தால் எப்படியாவது சமாளித்துவிடலாம். சாப்பாட்டில் வந்தால் நடிகர்கள் மேடையிலேயே பழி தீர்த்துக்கொள்வார்கள்.

முப்பதுகளில் ஒரு வருஷம், விருதுநகர் கேம்ப் முடிகிற சமயம். குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டது, அந்தக் கூட்டத்தை நம்பி அடுத்த கேம்ப் தென்காசி என்று முடிவாயிற்று. முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கதாநாயக வேஷம் கட்டும் எங்கள் ராஜபார்ட் வேலுச்சாமிக்குக் குரல் நன்றாக இருக்கும். நாக்கு அதைவிட நீளம்.

"வேலுச்சாமியக் கூப்பிட வேற கம்பெனியில இருந்து ஆள் வந்திருக்கு. மூணு ஊரா சோறு சரியில்லைன்னு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கான். தென்காசியிலயும் இலையத் தள்ளினான்னா போயிருவான். அவன் போயிட்டா எல்லாரும் மூட்டையக் கட்ட வேண்டியதுதான். நீயுந்தான்" என்றார்.

எனக்கு அப்போது கல்யாணமாகிக் கைக்குழந்தை இருந்தது. மறுநாளே தென்காசிக்கு ரயில் ஏறினேன்.

2. எல்லாமே அமிர்தம்

குற்றாலம் வரை வந்துவிட்டுக் குளிக்காமல் போவார்களா? தினமும் காலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியில் நின்றேன். ஈரத்தலையோடு கடை கடையாக ஏறினேன். அருவிக்கரையில் மிளகாய் பஜ்ஜியும் சுக்குக் காப்பியும். செங்கோட்டை ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு மலையாளத்துக்காரர் பேக்கரி. "கழிச்சு நோக்கு, சாரே" என்று, சாப்பிட்டுப் பார்க்கச் சொல்லி, அடுப்பிலிருந்து எடுத்த பன்னை நீட்டினார். எதை வாயில் போட்டாலும் அமிர்தம். இந்த ஊரில் கெட்ட சாப்பாடே கிடையாது என்று நினைத்துக்கொண்டேன்.

அருவிக்குப் போகும் ரோட்டில் ஓர் அண்ணாச்சியின் காப்பி கிளப். அங்கே சாம்பார் சாதத்தை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன். கம்பெனிச் சாப்பாட்டை அவரிடமே பேசி முடித்தேன். 'இனிப் பயமில்லை' என்று முதலாளிக்குக் கடிதம் போட்டேன்.

3. தள்ளிய இலை

கம்பெனி வந்து இறங்கியது. தென்காசியில் நான் பார்த்து வைத்த வீட்டுக்குக் கிளப்பிலிருந்து சாப்பாடு வந்தது. வேலுச்சாமி இரண்டு வாய் சாப்பிட்டார். இலையை மெதுவாகத் தள்ளினார்.

"நாளைக்கு ராத்திரி முதல் நாடகத்த ஆடிக் குடுத்துர்றேன். மறுநாள் மத்தியான ரயிலுக்கு வண்டி சொல்லிருங்க" என்றார். சத்தம்கூடப் போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நானும் ஒரு வாய் எடுத்துப் பார்த்தேன். சப்பென்று இருந்தது. கிளப்புக்கு ஓடி, "என்ன அண்ணாச்சி, ஆளை மாத்திட்டீங்களா?" என்று கேட்டேன்.

அண்ணாச்சி நிதானமாகச் சொன்னார். "அதே ஆளு, அதே கை. நம்ம கடைக்கு வாறவுக எல்லாம் அருவியில குளிச்சிட்டு அகோரப் பசியோட வாறவுக. அருவியில குளிக்காம வீட்டுல இருந்து சாப்பிட்டுட்டுக் குறை சொல்லுதது உங்க ஆளுகதான்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் ருசி பார்த்தது சமையலை அல்ல, அருவியை. வேலுச்சாமியை அருவிக்கு அழைத்துப் போய்விடலாமா என்றால், சாரல் பட்டாலே தொண்டை கட்டிவிடும் என்று மப்ளரைச் சுற்றிக்கொண்டு திரிகிறவர் அவர்.

4. இலஞ்சியில் ஒரு பந்தி

மறுநாள் காலை அருவிப் பக்கமே போகவில்லை. தென்காசியில் இரண்டு கடைகளில் சாப்பிட்டுப் பார்த்தேன். வயிறு நிறைந்ததே தவிர ஒன்றும் தேறவில்லை. நோட்டீஸ் கட்டோடு இலஞ்சிக்கு நடந்தேன். அங்கே முந்தின நாள் கல்யாணம் முடிந்த ஒரு வீட்டில் பந்தி நடந்துகொண்டிருந்தது. வாசலில் நின்ற பெரியவர் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிட்டார். சாப்பிட்டாயிற்று என்று சொன்னதைக் காதில் வாங்கவில்லை.

இலையில் சொதி விழுந்தது. தேங்காய்ப் பாலில் பாசிப்பருப்பும் முருங்கைக்காயும், மேலே எலுமிச்சைச் சாறு, தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல். தொண்டை வரை நிறைந்திருந்த வயிற்றோடு இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினேன். தொண்டைக்கும் இதமாக இருந்தது. நேரே பந்திச் சமையல் நடந்த கோட்டை அடுப்புக்குப் போய், சமையல் செய்த தவசுப்பிள்ளையிடம் எங்கள் கம்பெனிக்கும் நாளைக்கு இதே சொதியை வைத்துத் தரவேண்டும் என்று கேட்டேன்.

அவர் கரண்டியை நிறுத்தவில்லை. "சொதி மறுவீட்டுக்கு வைக்கிறதுல்லா? கல்யாணத்துக்கு மறுநாளு மாப்பிள்ளைக்கு வைக்கிற விருந்து. நாடகக்காரவுகளுக்கு எங்கன வைக்கிறது?"

எனக்கு எங்கிருந்து அந்தப் புத்தி வந்ததோ தெரியாது. "எங்க ராஜபார்ட்டு இன்னிக்கு ராத்திரி மேடையில ராஜகுமாரியக் கட்டப் போறாரு. ஊரே வந்து பார்க்கப் போகுது. நாளைக்கு மறுவீடுதானே?" என்றேன்.

தவசுப்பிள்ளை என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். "தாலி கட்டுதது நெசமான்னு நானும் வந்து பாக்கேன். கட்டினா வைக்கேன்."

அன்று ராத்திரி முன்வரிசையில் அவருக்கு இடம் போட்டேன். தாலி கட்டுகிற கட்டத்தில் அவர் தலையாட்டியதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

5. மறுவீடு

மறுநாள் மத்தியானம் வேலுச்சாமியின் பெட்டி வாசலில் இருந்தது. ஜட்கா வண்டி வந்து நின்றது. "வழிக்கு ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க" என்று முதலாளிதான் கெஞ்சி உட்கார வைத்தார். கூடத்தில் எல்லோரும் இலை முன் உட்கார்ந்திருந்தோம்.

தவசுப்பிள்ளை தாமே சொதி ஊற்றினார். "மாப்பிள்ளை, கூச்சப்படாமச் சாப்பிடணும்" என்றார்.

வேலுச்சாமி முதல் வாயை வைத்தார். மப்ளரைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டார். இஞ்சித் துவையலை ஒரு தொடு தொட்டார். சோறு கேட்டார். மறுபடியும் சொதி கேட்டார். நான் என் இலையைப் பார்க்கவே இல்லை.

வாசலிலிருந்து ஜட்காக்காரர் குரல் கொடுத்தார். "அண்ணாச்சி, ரயிலுக்கு நேரமாச்சு. வாறீயளா?"

வேலுச்சாமி தலையைத் தூக்காமலே சொன்னார்: "அவருக்கும் ஒரு இலை போடுங்க."

முதலாளி எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டார். முகத்தைக் கழுவிக்கொண்டு வர அவருக்கு ரொம்ப நேரமாயிற்று. எனக்கோ அப்போதுதான் பசித்தது. அப்படி நிம்மதியாக நான் அதற்குமுன் சாப்பிட்டதில்லை.

ஊர் பார்க்கும் வேலைக்கு வருகிற தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான். பசியோடு போய் ருசி பார்க்காதீர்கள். முதலில் எங்காவது வயிறு முட்டச் சாப்பிடுங்கள். அதற்குப் பிறகும் எந்தக் கடையில் கை தானாக நீளுகிறதோ, அங்கே பேசி முடியுங்கள்.