அம்மாவின் காரியத்துக்குப் போட்டிங் டிக்கெட்

இன்று காலை எங்கள் ஏரியின் வாசலில்...

ஆமாம், வாசல்தான். வேப்பம்பட்டுப் பக்கம் சமீபத்தில் வராதவர்களுக்குச் சொல்கிறேன்: எங்கள் ஏரிக்கு இப்போது கேட் உண்டு, காவலாளி உண்டு, செல்ஃபி எடுக்க மேடையும் உண்டு. (ஏரியும் உண்டு. வேலிக்கு அந்தப் பக்கம்.)

அம்மாவுக்கு இன்று பதினாறாம் நாள் காரியம்.

எங்கள் வழக்கத்தில் அப்பாவுக்கு மூத்த மகன், அம்மாவுக்கு இளைய மகன். அதனால் மொட்டை அடித்து, ஈர வேட்டியோடு, பிண்டம் வைத்த வாழையிலையை ஏந்தி நின்றது என் தம்பி சேகர். கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் வேலை செய்பவன்.

மற்ற சடங்குகள் வீட்டு வாசலில் முடிந்துவிட்டன. பாக்கி ஒன்றுதான். உச்சிப்பொழுதுக்குள் பிண்டத்தை ஏரியில் கரைத்து, மூன்று முழுக்குப் போட வேண்டும்.

படித்துறையை ஆளுயரக் கம்பிவேலி போட்டு அடைத்திருந்தார்கள்.

காவலாளியிடம் கேட்டேன். குளிக்கவும் சடங்கு செய்யவும் தடை என்று பலகையைக் காட்டினார். ஏரிப் பராமரிப்புச் சங்கத்தின் செயலாளர் நடைப்பயிற்சியில் இருந்தார். அவரிடமே போனேன்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். ஃபேமிலியா வர்ற எடம். மொட்டைத் தலையும் பிண்டமுமா நின்னா குழந்தைங்க பயப்படும்ல?"

"ஏன் சார், உங்க ஊட்ல சாவே வுழாதா?"

அவர் காதில் இயர்ஃபோனை மாட்டிக்கொண்டு நடந்துவிட்டார்.

ஒரு காலத்தில் இந்த ஏரியில் லாரி லாரியாக ரசாயனக் கழிவைக் கொட்டினார்கள். மறித்து நின்றது எங்கள் தெரு. மனுவைத் தூக்கிக்கொண்டு திருவள்ளூருக்கு அலைந்தது நான். செயலாளர் அப்போது இந்த ஊருக்கே குடிவரவில்லை. (திறப்புவிழாக் கல்வெட்டில் அவர் பெயர் இருக்கிறது. எழுத்துப்பிழை இல்லாமல்.) நான் எதையும் மறக்கிற ஆள் இல்லை.

வேறு ஏரிக்குப் போகலாமா என்று தம்பியிடம் கேட்டேன்.

"அப்பாவுக்குக் கரைச்ச தண்ணிண்ணா இது. அம்மாவ தனியா வேற எங்கியோ உட்டுட்டு வரச் சொல்றியா?"

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. காவலாளிக்கே மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்.

"போட்டிங் டிக்கெட் எடுத்தீங்கன்னா உள்ள போலாம் சார். அதுக்கு யாரும் இன்னான்னு கேக்க மாட்டாங்கோ."

எடுத்தோம்.

அன்னப்பறவை வடிவத்தில் பெடல் படகு. லைஃப் ஜாக்கெட் கட்டாயம். வெற்று மார்பின் மேல் ஆரஞ்சு நிற ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, மடியில் அம்மாவின் பிண்டத்தை வைத்துக்கொண்டு தம்பி உட்கார்ந்தான். இரண்டு பேர் மிதிக்க வேண்டியதை நான் ஒருவனே மிதித்தேன். பக்கத்துப் படகிலிருந்து ஒரு குழந்தை எங்களைப் பார்த்து 'ஹாய்' சொன்னது. (பயப்படவில்லை.)

"அம்மா இத்தப் பாத்தா சிரிச்சிருக்கும்ணா" என்றான். அதுவரை அடக்கி வைத்திருந்தவன், அதைச் சொல்லிவிட்டு அழுதான்.

ஏரியின் நடுவில் பிண்டத்தைக் கரைத்தான். முழுக்குப் போடுவதற்காக ஜாக்கெட்டின் பட்டியை அவிழ்த்ததும் கரையிலிருந்து விசில். விடாமல் விசில். கடைசியில் குனிந்து, இரு கையாலும் தண்ணீரை அள்ளி, மொட்டைத் தலையில் மூன்று முறை ஊற்றிக்கொண்டான்.

"இது கணக்குல சேருமாண்ணா?"

"சேரும்டா" என்றேன். எனக்கு என்ன தெரியும்?

மாலையில் எங்கள் பகுதி வாட்ஸப் குழுவில் ஒரு படம் வந்தது. அன்னப் படகு, அதில் இரண்டு முதுகுகள். கீழே செயலாளர் எழுதியிருந்தார்: 'ஏரியில் சாப்பாட்டுக் கழிவைக் கொட்டிய இவர்களை யாருக்காவது அடையாளம் தெரிகிறதா?'

பதினெட்டுப் பேர் கட்டைவிரல் தூக்கியிருந்தார்கள். அதில் ஐந்து பேர் அம்மாவின் சாவுக்கு மாலையோடு வந்தவர்கள்.

அடையாளம் தெரிகிறது. வலப்பக்க முதுகு என்னுடையது. கொட்டியது கழிவு இல்லை, எங்கள் அம்மாவுக்குப் படைத்த சோறு. அங்கே எழுதினேன், நீக்கிவிட்டார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

தம்பி அந்தக் குழுவிலும் இல்லை, ஃபேஸ்புக்கிலும் இல்லை. அவனைத் தெரிந்தவர்கள் தயவுசெய்து அந்தப் படத்தை மட்டும் அவனிடம் காட்டிவிடாதீர்கள்.