யார் படமும் வேண்டாம்

குமரகுருபரனை அரசாங்கம் நான்கு தடவை வேலைக்கு எடுத்தது, மூன்று தடவை வீட்டுக்கு அனுப்பியது. அனுப்பிய மூன்று தடவையும் உத்தரவை அவர் கையில் கொடுத்தவன் நான். சேரன்மாதேவிப் பக்கம் ஒரு ஒன்றிய அலுவலகத்தில் குமாஸ்தா. மாற்றலாகி எங்கெங்கோ போய் வந்தாலும், அந்த மூன்று சமயத்திலும் சரியாக அங்கே இருந்து தொலைத்தேன்.

நான் தேர்வு எழுதி வந்தவன். எந்த ஆட்சி வந்தாலும் என் நாற்காலி ஆடாது. அவர் மக்கள் நலப் பணியாளர். ஒரு ஆட்சி உண்டாக்கிய வேலை, அடுத்த ஆட்சி வந்தால் கலைந்துவிடும். தெருவிளக்கு எரியாவிட்டால் ஊரில் அவரைத்தான் தேடுவார்கள். குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் அவர்தான். இதில் கட்சி எங்கே வந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

தொண்ணூற்றொன்றில் போனது, திரும்ப வந்தது. இரண்டாயிரத்து ஒன்றில் போனது, திரும்ப வந்தது. மூன்றாம் தடவை வேலையில் இருந்தபோது மகள் சித்ரலேகாவுக்குக் கல்யாணம் வைத்தார். பத்திரிகையைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. நெல்லையப்பரும் காந்திமதியும் மேலே தபால்தலை அளவில் ஒடுங்கியிருக்க, வேலையைத் திருப்பிக் கொடுத்த கட்சித் தலைவர் பாதிப் பக்கத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"என்னவே இது? நாளைக்கு ஆட்சி மாறுனா உமக்குத்தான் வம்பு" என்றேன்.

"சோறு போட்டவங்க அண்ணாச்சி. மறக்கலாமா?"

ஊர் முழுக்கப் பத்திரிகை வைத்தார். எதிர்க்கட்சிக்காரர் வீட்டையும் விடவில்லை. வெள்ளந்தி மனுஷன்.

பதினொன்றில் ஆட்சி மாறியது, வேலை போனது. ஊராட்சியில் தண்ணீர்த் தொட்டி பார்க்க ஆள் தேவைப்பட்டது. அவருக்குக் கைவந்த வேலை அது. புது ஊராட்சித் தலைவர் வீட்டுக்கு நானே கூட்டிப்போனேன். தலைவர் உள்ளே போய் அந்தக் கல்யாணப் பத்திரிகையை எடுத்து வந்து மேஜைமேல் வைத்தார்.

"இந்தப் படம் போட்ட ஆளுக்கு நான் வேலை குடுத்தா, எங்க ஆளுங்க என்னைய விடுவாங்களாவே?"

குமரகுருபரன் பத்திரிகையில் மகள் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் மேஜையைக் கவிழ்த்திருப்பேன், ஆனால் நானும் சம்பளக்காரன்தானே. வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தேன்.

அதன்பின் பத்து வருஷம் வண்ணார்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் காவலாளி. ஒருநாள் துணி எடுக்கப் போனபோது நீலச் சட்டையும் விசிலுமாக நின்றார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, வராத காருக்குக் கையைக் காட்டினார். நான் துணி எடுக்காமலே திரும்பிவிட்டேன்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டில் மறுபடி கூப்பிட்டார்கள். நூறு நாள் வேலைக்கு ஒருங்கிணைப்பாளர், தொகுப்பூதியம்தான், நிரந்தரம் இல்லை. சேர வந்த அன்று தலை முழுக்க நரைத்திருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் பைய என் பக்கம் குனிந்தார்.

"அடுத்த எலெக்ஷன் எப்போ அண்ணாச்சி?"

"இருபத்தாறுல. அதுக்கென்ன இப்போ?"

"அதுக்கு முன்னாடி நான் செத்துட்டா, வேலையில இருக்கும்போது செத்தாம்னு எழுதுவாங்கல்லா?"

"வாயக் கழுவும்வே" என்று கத்தினேன். அவர் சிரித்தார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

தேர்தலுக்கு ஏழெட்டு மாதம் இருக்கும்போது, ஓடை தூர்வாரும் இடத்தில் வருகைப் பதிவு எடுத்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்கக் கட்சிக்காரர் இருவர் வந்தார்கள். தலைவர் படம் மேலே, இவர் படம் கீழே என்றார்கள். சித்ரலேகா அழுகையை நிறுத்திவிட்டு எழுந்து என்னிடம் வந்தாள்.

"யார் படமும் வேண்டாம் மாமா. என் கல்யாணத்துக்குப் போட்ட படத்தால பட்டதே போதும். அப்பா படம் மட்டும் இருக்கட்டும். வேலையில இருக்கும்போது இறந்தாங்கன்னு போடுங்க."

தொகுப்பூதியக்காரருக்கு அந்த வார்த்தையைக் கோப்பில் எழுத மாட்டார்கள். முப்பத்தைந்து வருஷம் கோப்பு பார்த்தவன் நான், எனக்குத் தெரியாதா? ஒரு வெள்ளைத்தாள் வாங்கி, அச்சகத்துக்கு என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன்: 'பணியில் இருக்கும்போது காலமானார்.'