மூச்சு விட்டுச்சான்னு கேட்டாங்க

அமெரிக்காவுல, பிளானோவுல என் பேத்தி படிக்கிற நர்சிங் காலேஜுல போன மாசம் ஃபேமிலி டேன்னு கூப்பிட்டிருந்தாங்க. ஒரு ரூம் நெறைய கட்டில். கட்டிலுக்கு ஒரு பொம்மை, ஆள் உசரம். கண்ணு சிமிட்டுது, நெஞ்சு ஏறி எறங்குது. "தாத்தா, கைய வைங்க, இட்ஸ் ப்ரீதிங்"னு பேத்தி இழுத்தா. நான் கதவுகிட்டயே நின்னுட்டேன். "என்ன மாமா, பயமா?"ன்னு மருமகன் சிரிச்சாரு. பயமில்ல. பொம்மை மூச்சு விட்டதா ஏழு வயசுல நான் ஒரு தடவ சொல்லியிருக்கேன். அத இத்தன வருசம் கழிச்சு எவனோ டெக்சாஸ்ல நெசமாக்கி வச்சிருக்கான்.

வரும்போது டோல் ரோட்டுல ஒரே டிராஃபிக். பேத்தி தான் எழுதுற பேப்பரப் பத்திச் சொல்லிட்டு வந்தா. அந்தக் காலத்து இங்கிலாந்து ஆஸ்பத்திரில நர்சுங்கள எப்படிப் பழக்குனாங்கன்னு பேப்பராம். மொத மூணு மாசம் சோதனை. தரை தொடைக்கணும், பாத்திரம் கழுவணும், கட்டில் சக்கரமெல்லாம் ஒரே பக்கம் பாத்து நிக்கணும். நர்சுங்களுக்கெல்லாம் தலைவி மேட்ரன், அவங்க விரலால தடவி தூசி பாப்பாங்க. வர்ற போற கடுதாசியெல்லாம் படிப்பாங்க. "அதெல்லாம் எனக்குத் தெரியும்"னேன். "ஹவ் தாத்தா? நீங்க ஸ்கூலே போகலல்ல?"ன்னா. வாஸ்தவம். நான் படிக்கல. எங்க அத்தை படிச்சுது, மூணு மாசம்.

அத்தை அப்பாவோட தங்கச்சி. கட்டிக்கிட்ட ரெண்டாம் வருசமே புருசன் போயிட்டாரு, பத்தொம்போது வயசுல எங்க வீட்டுக்கே திரும்பி வந்துருச்சு. நல்லாப் படிக்கும். ரயில்ல ரெண்டு மணி நேரத்துல ஒரு மிஷன் ஆஸ்பத்திரி, அங்க நர்சுக்குப் பழக்குறாங்கன்னு யாரோ சொல்ல, ஒரு வாரம் சாப்பிடாமக் கெடந்து அப்பாகிட்ட சம்மதம் வாங்குச்சு. அந்த மேட்ரன் வெள்ளக்கார அம்மா, வயசானவங்க. சின்ன வயசுல லண்டன்ல தான் பழகுனத அப்படியே பொட்டியில போட்டுக் கொண்டாந்த மாதிரி இங்கயும் அதே சட்டம்தான். மூணு மாசத்துக்கப்புறம் அப்பா கையெழுத்துப் போட்டா தலைக்குத் தொப்பி, மூணு வருசம் படிப்பு. போடலன்னா பொட்டியத் தூக்கிட்டு வந்துற வேண்டியதுதான்.

அனுப்புன நாள்லேருந்தே வீட்ல சந்தேகம் குந்திக்கிச்சு. மாசம் ஒரு கடுதாசி வரும். ஒட்டுன எடம் பிரிச்சு திரும்ப ஒட்டுனாப்புல இருக்கும். உள்ள ரெண்டே வரி. நலம், பழகுறேன், அவ்ளோதான். பெரியப்பா அத வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பாப்பாரு, ரூபா நோட்டப் பாக்குற மாதிரி. "வாய் மூடாமப் பேசுற பொண்ணுடா இது. ரெண்டு வரியோட நிறுத்துதுன்னா பக்கத்துல யாரோ நின்னு எழுத வைக்கிறான்"னாரு. அப்பா கடுதாசிய மடிச்சு உள்ள வைக்காம எதுக்க வச்சுக்கிட்டே உக்காந்திருப்பாரு.

மூணு மாசம் முடியுற சனிக்கெழமை, பாக்க விடுற நாளு, அப்பா கையெழுத்துப் போடக் கெளம்பினாரு. நானும் ஒட்டிக்கிட்டேன். ரயில்ல கரித்தூள் கண்ணுல விழுந்து அப்பா வேட்டி நுனிய ஊதி ஒத்தடம் குடுத்தது இன்னும் ஞாபகம் இருக்கு. அவரு கெட்ட மனுசன் இல்ல. அதச் சொல்லிடணும்.

ஆஸ்பத்திரி வாசல்ல காவக்காரன். உள்ள வராண்டாவுல ஒரு பெஞ்சு. தொப்பி போட்ட நர்சு ஒருத்தங்க வந்து, "திங்கக்கெழமை பரீட்சை, பழகிட்டிருக்காங்க. உக்காருங்க, வருவாங்க"ன்னுட்டு எதுக்க நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்தாங்க. அண்ணனும் தங்கச்சியும் பேசுறப்ப பக்கத்துல இருக்கணுமாம், அது சட்டம். அப்பா மொகம் சுருங்கிருச்சு. என் காதுகிட்ட குனிஞ்சு, "தண்ணி குடிக்கப் போற மாதிரி போயி, அத்தை என்ன பண்ணுதுன்னு பாத்துட்டு வாடா"ன்னாரு.

நாலாவது சன்னல். எக்கிப் பாத்தேன். இரும்புக் கட்டில்ல ஒரு ஆளு, கழுத்து வரைக்கும் வெள்ளைத் துணி. அத்தை ஈரத்துணியால அவரு மூஞ்சியத் தொடைக்குது. "ஐயா, இப்ப கையத் தூக்கப் போறேன். வலிச்சா சொல்லுங்க"ங்குது. எங்கிட்ட கூட அப்படி மெதுவாப் பேசினதில்ல. எனக்குக் கொஞ்சம் பொறாமதான். அப்புறம் ஆளத் திருப்பிச்சு. மூஞ்சி துணி. புருவம் கறுப்பு நூல்ல தச்சது. கழுத்துகிட்ட வைக்கோல் நீட்டிட்டிருந்துச்சு.

ஓடி வந்து அப்பா காதுல சொன்னேன். "அத்தை ஒரு ஆளு மூஞ்சியத் தொடைக்குதுப்பா. ஐயாங்குது. வலிக்குதான்னு கேக்குது." மிச்சத்தச் சொல்ல வாயத் தொறக்குறேன், அப்பா எந்திரிச்சிட்டாரு. மேட்ரனம்மா வந்தாங்க, ஏதோ சொன்னாங்க, அப்பா காதுல ஏறல. அரை மணி நேரத்துல அத்தை தகரப்பொட்டியோட எங்ககூட ரயில்ல. கையி பினாயில்ல வெந்து வெடிச்சிருந்துச்சு.

கேள்வியெல்லாம் வீட்ல வச்சுதான். பெரியப்பா நடுவுல உக்காந்து கேட்டாரு.

"யாரு அந்த ஆளு?"

"பொம்மைண்ணா. துணிப் பொம்மை. நோயாளியத் தொடுறதுக்கு முன்னாடி அதுல பழகணும்."

"பொம்மைய எவளாவது ஐயாம்பாளா?"

"ஆளுன்னு நெனச்சுதான் பேசணும்ணா. சொல்லாமத் தொட்டா பரீட்சையில மார்க்கு போயிடும்."

பெரியப்பா தொடையத் தட்டிச் சிரிச்சாரு. "கதைய பாருய்யா! வலிக்குதான்னு வைக்கோல்கிட்ட கேட்டாளாம்!"

அப்பா சிரிக்கல. அத்தை மூஞ்சியவே பாத்தாரு. நம்பிருவாரு போல இருந்துச்சு. திங்கக்கெழமை வரைக்கும் கையெழுத்துப் போடலாம்னு அத்தை மெதுவாச் சொல்லுச்சு. அப்பத்தான் அப்பா என்னப் பாத்துத் திரும்பினாரு. கையில புளிய விளாரு. "நீ பாத்தல்ல? பொய் சொன்னா தோல உரிச்சிருவேன். அது மூச்சு விட்டுச்சாடா?"

இல்லன்னு சொன்னா, அப்ப எதுக்குடா ஆளுன்னு சொன்னன்னு எனக்கு அடி விழும். அவ்ளோதான் என் கணக்கு.

"விட்டுச்சு"ன்னேன்.

அத்தை என்னைப் பாத்துச்சு. கோவமா பாத்திருந்தாக்கூட அழுது உண்மையச் சொல்லியிருப்பேனோ என்னமோ. அப்பா கையில இருந்த விளாரப் பாத்துச்சு, திரும்ப என்னப் பாத்துச்சு. "புள்ள பாத்தது சரியாத்தான்ணா இருக்கும்"னு சொல்லிட்டு, பொட்டிய எடுத்துக்கிட்டு உள்ள போயிருச்சு. பெரியப்பா என்னத் தூக்கி மடியில வச்சுக்கிட்டாரு. அத்தையே ஒத்துக்கிச்சு, நாம சரியாத்தான் சொல்லிட்டோம்னு எனக்கு ஒரே பெருமை.

அத்தை அதுக்கப்புறம் எங்கயும் போகல, எங்க வீட்லயே இருந்து எங்க வீட்லயே செத்துச்சு. அப்பா கடேசியில வாதம் வந்து படுத்தப்ப பாத்துக்கிட்டதும் அதுதான். "அண்ணா, இப்ப இடது பக்கம் திருப்பப் போறேன்"னு சொல்லாம ஒரு நாளும் அவர தொட்டதில்ல. அப்பாவுக்குப் பேச்சு போயிருந்துச்சு. அவருக்குப் புரிஞ்சிருக்கும்னு எனக்கொரு சந்தேகம். கேக்க முடியல, கேட்டாலும் அவரால சொல்ல முடியாது.

நான் சொல்ல வந்தது வேற. ஆஸ்பத்திரிலேருந்து கூட்டிட்டு வந்த மறுநாள் காலையில, அத்தை எல்லாருக்கும் தலகாணி உறை மாத்திச்சு. ஒவ்வொண்ணையும் உறையோட வாய்ப்பக்கம் வாசலுக்கு மறுபக்கமா இருக்குற மாதிரி திருப்பித் திருப்பி வச்சுச்சு. எதுக்குன்னு எங்களுக்குப் புரியல. உள்ள வர்றவங்க கண்ணுக்கு வார்டு திருத்தமாத் தெரியணும்னு அப்படி வைப்பாங்களாம், அதுவும் பேத்தி பேப்பர்ல இருக்கு. பெரியப்பா என்னக் கூப்பிட்டு, "உள்ள என்னமோ மறைக்கிறா, கையவிட்டுப் பாருடா"ன்னாரு. அத்தை பின்கட்டுக்குப் போன நேரம் பாத்து நான் அஞ்சு தலகாணியிலயும் கையவிட்டுத் தொழாவுனேன். பஞ்சுதான் இருந்துச்சு. ஒண்ணுமில்ல பெரியப்பான்னு சொல்லிட்டு வெளையாட ஓடிட்டேன்.