எடை பார்க்கும் நாளும் லோகா அக்காவும்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் பட்டறை வாசலுக்கு லோகா அக்காவின் வீட்டுக்காரர் ஏகாம்பரம் அண்ணன் வந்தார். சைக்கிளை விட்டு இறங்கவில்லை. ஒரு காலை மட்டும் ஊன்றிக்கொண்டு, "உங்க அக்கா பூட்டாம்மா. காலீலதான்" என்றார். பூந்தமல்லியில் இருக்கும் உறவுக்காரர்களுக்கும் சொல்ல வேண்டும் என்று உடனே கிளம்பிவிட்டார். நான் டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டு வேலைக்குத் திரும்பினேன். அழுகை வரவில்லை. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்து அலைந்து உடம்பில் அசதிதான் இருந்தது.

பேக்கிங் மேஜையில் அவரோடு நின்ற உங்கள் எல்லோருக்கும் லோகநாயகி என்றால் சிரிப்புதான். காட்டுப்பாக்கத்தில் உடலை எடுப்பதற்கு முன்பு வந்தவர்களும் அதையே சொன்னார்கள். "எப்பவும் சிரிச்சிகினே இருக்குமே, அதுக்குப் போயி இந்த நோவு வரலாமா?" இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. சிரிக்கிறவர்களுக்கு நோய் வராது என்று யார் சொன்னது? அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வருவதற்கு முன்பே, டி.பி. வார்டில் பக்கத்துக் கட்டிலில் அவரை எனக்குத் தெரியும். அதனால் இதை நான்தான் எழுத வேண்டியிருக்கிறது.

அறுபதுகளின் நடுவில் அது. என் மகள் அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் என் கணவர் கோவில்பதாகையிலிருந்து அவளைத் தூக்கி வந்து, வேலிக்கு அந்தப் பக்கம் நின்று காட்டுவார். முதலில் எல்லாம் என்னைப் பார்த்ததும் அழுவாள். ஒரு ஞாயிறு அவள் அழவில்லை. யாரோ ஒரு பொம்பளை என்பது போல என்னைப் பார்த்துவிட்டு, மரத்தில் இருந்த காக்காயைப் பார்க்கத் தொடங்கினாள். சாவதென்றால் வீட்டிலேயே சாகலாம் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். சோறு இறங்கவில்லை. ஊசிக்கும் எழுந்து போகவில்லை.

என்னைவிட மோசமாக இருமிக்கொண்டிருந்த லோகா அக்கா தன் தட்டோடு என் கட்டிலுக்கு வந்தார்.

"இன்னாடி மீனா, சோத்தப் பாத்துகினே கீற? துன்னு."

"பசிக்கலக்கா."

"பசிச்சா துன்றது ஊட்ல. இங்க துன்னாதான்டி பசிக்கும்."

அந்த வார்டில் வாரத்துக்கு ஒருநாள் எடை பார்ப்பார்கள். மேடை போன்ற தராசில் ஏறி நிற்க வேண்டும். நர்ஸ் எடையை உரக்கச் சொல்வார். மொத்த வார்டும் காது கொடுக்கும். எடை ஏறினால் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று எங்களுக்குள் ஒரு நம்பிக்கை. அதற்காக வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. புடவை மடியில் கூழாங்கல் முடிந்து வருகிறவர்களும் உண்டு. ஒருத்தியின் மடி அவிழ்ந்து கல் உருண்டபோது நர்ஸுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு மட்டும் வாராவாரம் இறங்கிக்கொண்டே போனது. இந்த முறையும் இறங்கினால் துணியை மூட்டை கட்டுவது என்று இருந்தேன்.

அன்று லோகா அக்கா எனக்குப் பின்னால் ஒட்டி நின்றார். நான் ஏறினேன். நர்ஸ் தராசுக் குண்டை நகர்த்திப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, ஏறிட்ட" என்றார். என்னால் நம்ப முடியவில்லை. மத்தியானம் சோறு இறங்கியது. மறுநாள் ஊசிக்கு வரிசையில் நின்றேன். அடுத்தடுத்த வாரங்களில் எடை மெய்யாகவே ஏறியது.

அன்றைக்கு லோகா அக்கா பின்னாலிருந்து தன் கால் கட்டைவிரலால் தராசு மேடையை அழுத்தியிருக்கிறார். இதைப் பல வருடம் கழித்து, நம் பேக்கிங் மேஜையில் அட்டைப்பெட்டி மடித்துக்கொண்டே சொன்னார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "டாக்டர் ஏமாந்து போயிருந்தா என் கதி என்னக்கா?" என்றேன்.

"டாக்டரு எக்ஸ்ரேயப் பாத்து வைத்தியம் பண்ணிகினு இருந்தாரு. நீதான்டி எடையப் பாத்து செத்துகினு இருந்த."

மனசு நன்றாக இருந்தால் நோய் பறந்துவிடும் என்று சொல்ல நான் வரவில்லை. என்னைப் பிழைக்க வைத்தது ஊசியும் மாத்திரையும்தான். ஆனால் ஊசி போட்டுக்கொள்ள நான் அங்கே இருக்க வேண்டுமே. இருக்க வைத்தவர் அவர். அவருக்கும் அப்போது குணமானது. இந்த வருடம் நோய் திரும்ப வந்தபோது அந்தச் சிரிப்பு அவரைக் காப்பாற்றவில்லை. இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

போன வாரம் ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போயிருந்தேன். ஏகாம்பரம் அண்ணன் இருந்தவரை அக்கா அவரைக் கேலி செய்துகொண்டே இருந்தார். "இன்னாய்யா, நான் பூட்டேன்னா ரெண்டாவது பொண்டாட்டிக்கு ஆளு பாத்துகினியா?" அவரும் சிரித்துவிட்டு டீ வாங்கப் போனார். அவர் தலை மறைந்ததும் அக்காவின் முகம் அப்படியே விழுந்துவிட்டது. அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"முடிலடி மீனா," என்றார். "அந்தாளு பயந்துக்கும்னு சிரிக்கிறேன். அன்னிக்கி வார்டுலயும் அப்பிடித்தான். நீ பயந்துக்கினு கெடந்த. எனக்கும் பயமாத்தான் இருந்திச்சி."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கண்ணை மூடிக்கொண்டார். வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டதும், கண்ணைத் திறக்காமலே, "வர்றாரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கொஞ்சம் கொஞ்சமாகச் சிரிப்பை வரவழைத்துக்கொண்டார்.

உங்கள் எல்லோரிடமும் அவருடைய சிரிப்பு இருக்கிறது. அது உங்களுக்கென்றே அவர் பாடுபட்டுச் செய்தது, பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் களைத்த முகத்தை அவர் என்னிடம் மட்டும்தான் காட்டினார். அதை நான் வைத்துக்கொள்கிறேன்.