அத்தைக்கு ஆண் துணை

எங்கள் வீட்டில் அத்தை எங்காவது இரவு தங்கிவிட்டு வருவதென்றால் கூடவே ஓர் ஆண் போயாக வேண்டும் என்பது சட்டம். அப்பாவால் பட்டறையைப் போட்டுவிட்டு வர முடியாது. வேறு ஆண் யார் என்று வீட்டைச் சுற்றிப் பார்த்தால் நான் ஒருவன்தான் மிஞ்சினேன். நான் அப்போது மூன்றாம் வகுப்பு. ஷூ லேஸ் கட்டத் தெரியாது, இருட்டைக் கண்டால் ஆகாது. ஆனாலும் ஆண். ஆகவே அந்த ஆடி மாதம் அத்தைக்குத் துணையாக என்னைக் காட்டுக்கு அனுப்புவது என்று முடிவாயிற்று.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. தாய் தகப்பன் இருவரும் போன பிறகு அவளைப் படிக்க வைத்ததும் அவளுக்காகக் கவலைப்பட்டதும் அப்பாதான். பி.காம். முடித்தவளை ஏதாவது ஆபீசில் சேர்த்துவிடலாம் என்று அவர் நினைத்திருக்க, அவளோ கல்லூரியிலிருந்து ஒரு முகாமுக்குப் போய்வந்தவள், அந்த முகாமை நடத்தியவர்களிடமே வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். காட்டுப் பள்ளிக்கூடம் என்று நாங்கள் அதைச் சொல்வோம். பிள்ளைகளை மலையடிவாரத்தில் கூடாரம் போட்டுத் தங்கவைத்து, நடக்கவும் சமைக்கவும் ஓடை தாண்டவும் கற்றுக்கொடுக்கிற பள்ளிக்கூடம். கரும்பலகை கிடையாது, பரீட்சை கிடையாது. இதற்குப் போய் யாராவது காசு கட்டுவார்களா என்று அம்மா கடைசிவரை நம்பவில்லை. நாங்கள் இருந்த மும்பை தாராவியில் மழைக்காலத்தில் எங்கள் தெருவைத் தாண்டி மெயின் ரோட்டுக்குப் போவதே மலையேற்றம்தான், அந்தப் பிள்ளைகளை இங்கே கூட்டிவா என்பாள்.

அதுவரை காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பும் நடைகளுக்குத்தான் அத்தை உதவிக்குப் போய்க்கொண்டிருந்தாள். இந்த முறை முகாமில் தங்க வேண்டும். ஒரு குழுவை மலைமேல் தனியாகவே கூட்டிப்போய்க் கூட்டிவர வேண்டும். அதைச் சரியாகச் செய்தால் வேலை நிரந்தரம். இதே சமயத்தில் அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு வரனும் வந்து நின்றது. காட்டில் சுற்றுகிற வேலையெல்லாம் கல்யாணத்துக்குப் பிறகு ஆகாது என்று மாப்பிள்ளை வீட்டில் முதலிலேயே சொல்லிவிட்டார்கள். ஆடி முடிந்ததும் அப்பா பதில் சொல்ல வேண்டும். அத்தை அப்பாவிடம் கெஞ்சவில்லை, அழவில்லை. சாப்பாடு மட்டும் குறைந்துபோயிற்று.

“இந்த ஒரு தடவ போயிட்டு வரட்டும்” என்றார் அப்பா. “என்ன ஏதுன்னு பாத்துட்டு முடிவு பண்ணுவோம்.”

பார்த்துவரும் பொறுப்பு எனக்கு. அம்மா புளிச்சோறு கட்டிக்கொண்டே என்னைப் பக்கத்தில் இழுத்து, “அத்த யார்கிட்ட பேசுதா, எங்க படுக்கா, எல்லாம் பாத்துக்கிடணும் என்னலே? வந்து அப்பாகிட்ட ஒண்ணு விடாம சொல்லணும்” என்றாள். நான் போலீஸ்காரன்போல விறைத்து நின்று தலையை ஆட்டினேன்.

அப்பாவின் பட்டறையில் முதுகுப்பைகள் தைத்தார்கள். மலையேறுகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் பெரிய பைகள். அவற்றை மாட்டிக்கொண்டு ஜனங்கள் எங்கே போகிறார்கள், அங்கே என்ன செய்கிறார்கள் என்று அப்பாவுக்குத் தெரியாது. கடைகளுக்குக் காட்டுவதற்காகத் தைத்த சாம்பிள் பை ஒன்றைக் கொண்டுவந்து அத்தையின் முன் வைத்தார். பையின் தோள்வாரை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்துவிட்டு, “திங்கக்கிழம பட்டறைக்கு வேணும். கிழிச்சிராத” என்றார்.

குர்லாவில் கர்ஜத் லோக்கல் ரயிலில் ஏறி, கர்ஜத்திலிருந்து டெம்போவில் போனோம். கூடாரங்களுக்கு முன்னால் நின்று பார்த்தால் தூரத்தில் கண்டாலா மலையில் ரயில் ஊர்ந்து ஏறுவது தெரியும். வந்திருந்த பிள்ளைகள் எல்லாம் லிப்ட் வைத்த கட்டடங்களில் வளர்கிறவர்கள். என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவர்கள். அத்தையை அவர்கள் ‘தாயி’ என்று கூப்பிட்டார்கள். மராத்தியில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்றாலும், எங்கள் வீட்டில் வாய்திறக்காத அத்தையை இத்தனை பேர் தாயி தாயி என்று சுற்றிவருவதைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருந்தது. அவள் அங்கே வேறு ஆளாக இருந்தாள். உரக்கச் சிரித்தாள். விரலை வாயில் வைத்து விசில் அடித்தாள். அப்பாவிடம் சொல்லவேண்டியவற்றில் விசிலை நான் முதலாவதாக வைத்துக்கொண்டேன்.

ஆனால் என் காவல் வேலை அன்று சாயங்காலமே சந்தி சிரித்தது. ஒன்றுக்குப் போக எனக்குத்தான் அத்தை துணை வரவேண்டியிருந்தது. டார்ச்சைப் பிடித்துக்கொண்டு அவள் முதுகைக் காட்டி நிற்க, “போயிராத அத்த, போயிராத அத்த” என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள் எங்கே படுத்தாள் என்பதைப் பார்க்கவே முடியவில்லை. சோற்றுத் தட்டின்மேல் தூங்கி விழுந்த என்னை அவள்தான் தூக்கிப்போய்ப் படுக்கவைத்தாளாம்.

மறுநாள் காலையில் அத்தையின் முறை. முகாமுக்குத் தலைவரான வெள்ளைத்தாடி சார், மலைக்கு இந்தப் பக்கம், ரயில் தெரிகிற பக்கத்து ஓடைக்கரையில் டீயோடு காத்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் மேலே ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி, அந்த ஓடைக்கு வந்து சேர வேண்டும். ஏறும்போது நல்ல வெளிச்சம். பாதையெல்லாம் நண்டுகள், மழைக்கு வெளியே வந்தவை. ஒன்றைப் பிடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டு அத்தையிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அப்புறம் மேகம் இறங்கியது. எனக்கு முன்னால் போன பெண்ணின் சிவப்பு ரெயின்கோட் தவிர ஒன்றும் தெரியவில்லை.

கிளை ஒடிந்து தரையைத் தொட்டுக்கொண்டிருந்த ஒரு மரத்தைத் தாண்டினோம். ரொம்ப நேரம் நடந்த பிறகு, கிளை ஒடிந்து தரையைத் தொட்டுக்கொண்டிருந்த இன்னொரு மரம் வந்தது.

“அத்த, இதே மாதிரி ஒரு மரம் அப்பவே பாத்தோம்லா?”

“ஆமாலே” என்றாள் அத்தை. “ரெட்டப் பிள்ளைங்க மாதிரி இருக்கு பாரு.”

எல்லாப் பிள்ளைகளும் இரட்டை மரத்தைத் தொட்டுப் பார்த்தார்கள். அத்தை அங்கேயே எங்களை வட்டமாக உட்காரச் சொன்னாள். சாப்பாட்டு நேரம் ஆகவேயில்லை, ஆனாலும் பையைத் திறந்து புளிச்சோற்றை எடுத்து ஆளுக்கு ஒரு கை கொடுத்தாள். மழையில் குளிர்ந்துபோய் உட்கார்ந்து தின்ற அந்தச் சோற்றைப்போல் அம்மாவின் சமையல் அதற்கு முன்னும் பின்னும் ருசித்ததில்லை. லிப்ட் வீட்டுப் பிள்ளைகள் விரலைச் சூப்பினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பிறகு அத்தை ஒரு விளையாட்டு ஆரம்பித்தாள். எல்லோரும் கண்ணை இறுக்க மூடிக்கொள்ள வேண்டும். பேசக்கூடாது. அவள் எந்தச் சத்தத்தைச் சொல்கிறாளோ, அது வருகிற பக்கம் கையை நீட்ட வேண்டும். கண்ணைத் திறந்து பக்கத்தில் இருப்பவனைப் பார்த்தால் அவுட். முதலில் தண்ணீர் என்றாள். தண்ணீர் எல்லாப் பக்கமும் விழுந்துகொண்டிருந்தது, ஆளுக்கு ஒரு பக்கம் காட்டினோம். பறவை என்றாள். அப்புறம் வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. ஈரச் சருகில் அவள் நடக்கும் சத்தம் மட்டும் எங்களைச் சுற்றிச் சுற்றி வந்தது.

தொலைவில் ரயில் ஊதியது. “ரயில்! கை நீட்டுங்க, கண்ணத் திறக்காதீங்க” என்று இந்தியில் கத்தினாள் அத்தை.

ரயில் என்றால் என்னை யாரும் ஜெயிக்க முடியாது. இந்தப் பக்கம் ஒரு தண்டவாளம், அந்தப் பக்கம் ஒரு தண்டவாளம் என்று நடுவில் பிறந்து வளர்ந்தவன் நான். நேராகக் கையை நீட்டினேன். கண்ணைத் திறக்கச் சொன்னபோது பார்த்தால், அத்தனை கைகளும் ஒரு பக்கம் நீண்டிருந்தன. என் கை மட்டும் எதிர்ப்பக்கம், ஒரு பெரிய பாறையைக் காட்டிக்கொண்டிருந்தது. அடுத்த ரயில் வரும்வரை காத்திருந்து மறுபடியும் ஆடினோம். மறுபடியும் நான் பாறையைத்தான் காட்டினேன். மற்றவர்கள் உருண்டு புரண்டு சிரித்தார்கள்.

“பாறைல மோதித் திரும்புதுலே சத்தம்” என்று சொல்லி அத்தை என் தலையைப் பிடித்து ஆட்டினாள். அவளும் சிரித்தாள். சிரித்ததில் அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவ்வளவு பெரிய வேடிக்கை செய்துவிட்டேன் என்று எனக்கும் சந்தோஷம்தான்.

அதற்குப் பிறகு எல்லோரும் கைகோத்துக்கொண்டு, மற்றவர்கள் காட்டிய பக்கமாகவே இறங்கினோம். ரயில் ஊதும்போதெல்லாம் அத்தை நின்றாள், நாங்கள் கை நீட்டினோம். ஓடைக்கரையில் சார் எழுந்து நின்றுகொண்டிருந்தார். டீ ஆறிப்போயிருந்தது. அத்தை அவரைத் தனியே அழைத்துப்போய் நெடுநேரம் பேசினாள். என்ன பேசினார்கள் என்று கேட்டுவைப்பது என் கடமை. ஆனால் அந்த ஓடையில் நண்டு இன்னும் பெரிதாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீடு திரும்பினோம். அப்பா குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அத்தை, “அண்ணே, ஒரு விஷயம் சொல்லணும்” என்று ஆரம்பித்தாள்.

“இரு. மொதல்ல அவன் சொல்லட்டும்” என்றார் அப்பா.

நான் எழுந்து நின்று சொன்னேன். விசிலைச் சொன்னேன், நண்டைச் சொன்னேன். இரட்டை மரத்தையும், நேரங்கெட்ட நேரத்தில் தின்ற புளிச்சோற்றையும், கண்ணை மூடிக்கொண்டு ரயிலைக் காட்டிய விளையாட்டையும் நடித்தே காட்டினேன். அத்தை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெங்காயம் அரிந்துகொண்டிருந்த அம்மாவின் கை நின்றுவிட்டது.  எல்லாம் முடிந்த பிறகு அப்பா கேட்டார்.

“பயந்தியாலே?”

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. “எதுக்குப்பா பயப்படணும்? அடுத்த தடவ எப்பப் போவோம்?”

அப்பா எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அன்று ராத்திரி வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் அவர் பட்டறைக்குக் கிளம்பும்போது அம்மா அந்தப் பையைத் துடைத்து எடுத்துக்கொண்டுவந்து நீட்டினாள். அப்பா செருப்பை மாட்டிக்கொண்டே, “அது கெடக்கட்டும். அவளுக்கு வேணும்லா” என்றார். அத்தை அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். அம்பாசமுத்திரத்துக்கு என்ன பதில் போயிற்று என்பதை நான் விசாரிக்கவில்லை. என்னைப்போல் ஒரு துணை இருந்தால் தங்கையை எங்கே வேண்டுமானாலும் அனுப்பலாம் என்று அப்பாவுக்குத் தோன்றிவிட்டது, அவ்வளவுதான் விஷயம் என்று பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். சினேகிதர்களிடம் என் தைரியத்துக்குச் சாட்சியாக இதைச் சொல்லியும் இருக்கிறேன்.

பிற்பாடு அத்தைக்கு, அவள் வேலைக்குச் சம்மதித்த ஒருவரோடு கல்யாணம் ஆகி, டோம்பிவிலியில் வீடு. இப்போது அதே பள்ளியில் புதிதாக வரும் வழிகாட்டிகளுக்குப் பயிற்சி கொடுப்பவள் அவள்தான். போன மழைக்காலத்தில் பட்டறையிலிருந்து பைகளைக் கொண்டுபோய்க் கொடுக்கப் போனேன். இளவட்டங்களை உட்காரவைத்து அவள் இந்தியில் சொல்லிக்கொண்டிருந்தாள். வழி தப்பிவிட்டால் உடனே வழியைத் தேடி அலையாதீர்கள், முதலில் பிள்ளைகளை உட்காரவையுங்கள், கையில் இருப்பதைத் தின்னக் கொடுங்கள், அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு ஆடுகிற ஒரு விளையாட்டு இருக்கிறது.

நான் பைகளைச் சுமந்துகொண்டு அப்படியே நின்றேன். அவள் வந்ததும், “அத்த, அன்னைக்கு நாம தொலைஞ்சிட்டமா?” என்று கேட்டேன்.

அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “ஏலே, இத்தன வருசமா உனக்குத் தெரியாதா? சார்கிட்ட அங்கேயே சொல்லிட்டேன். உங்கப்பாகிட்ட சொல்லணும்னு வந்தேன், அதுக்குள்ள நீயே எல்லாத்தையும் சொல்லிட்டியே.”

அன்று, இப்போது நாங்கள் இருக்கும் நெருள் வீட்டுக்குத் திரும்பியதும் அப்பாவிடம் கேட்டேன். அவர் டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

“ஒரே மரத்த ரெண்டு தடவ பாத்தா வேற என்னலே அர்த்தம்?”

“தெரிஞ்சுமா மறுபடியும் அனுப்புனீங்க?”

“நீதான் சிரிச்சிக்கிட்டே சொன்னியே” என்றார் அப்பா.

நண்டு எனக்கு நினைவிருக்கிறது, புளிச்சோற்றின் ருசி நினைவிருக்கிறது. சிரித்துக்கொண்டே சொன்னேனா என்று மட்டும் எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. கதையை ஒன்று விடாமல் சொல்லிவிட வேண்டும் என்ற மும்முரத்தில் நான் இருந்தேன். அப்பா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.